அழைப்பிதழின் தலையில் போடும் குறி: சுவஸ்திகம், அறுகோணம், 786, சிலுவை, உ

ஈயஎழுத்து (கொழும்பு 13)
வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் 28 வருசமாக நிற்கிறேன். ஈய எழுத்துக் கோர்க்கப் பழகி வந்தவன். இப்போது கணினியில் வடிவமைக்கிறேன். எங்கள் தொழிலில் பெயர், நாள், மண்டபம் எல்லாம் பிறகுதான் வரும். வாடிக்கையாளர் கதிரையில் இருந்தவுடன் முதல் கேள்வி, "தலையில் என்ன போட?" ஒருவர் "உ போடுங்கோ" என்பார். ஒருவர் "சிவமயம்" என்பார். "சின்னதா ஒரு சிலுவை, பூ வேண்டாம்" என்பார் இன்னொருவர். "786" என்று சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போவார் மற்றவர். சிங்கள ஆட்கள் என்றால் புன்கலசம், தென்னம்பாளை விரித்த குடம்.

பழைய மேசையில் ஒரு லாச்சி இன்னும் இருக்கிறது. மரக்கட்டையில் அறைந்த துத்தநாக பிளாக்குகள் எல்லாம் அதற்குள்தான். ஓம், வேல், சிலுவை, பிறை, தர்மச்சக்கரம் எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கும். பிள்ளையாரின் தும்பிக்கை விளிம்பு தேய்ந்து மழுங்கிவிட்டது. சிலுவை ஒன்றின் வலது கை நுனி எப்போதோ விழுந்து நசிந்தது.

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா வீடு குடிபூரலுக்கு 300 அழைப்பிதழ் அடிக்கத் தந்தார். தலையில் சுவஸ்திகம் கேட்டார், புது வீட்டு நிலையிலும் அதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். மாதிரியை ஜேர்மனியில் இருக்கும் மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். நடுச்சாமத்தில் பதில் வந்தது: "அதை எடுங்கோ. இங்கை என்ரை வேலையிடத்தில ஒருத்தருக்கும் இதைக் குடுக்கேலாது."

அடுத்த நாள் அம்மா வந்து பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கேட்டார்: "என்ரை அம்மா வாசலில மாவால போட்டது தம்பி. அது எப்பிடிக் கூடாததாய்ப் போகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாளாக வேலை நிற்கிறது. 28 வருசம் இந்தக் குறிகளைக் கையால் எடுத்துக் கோர்த்திருக்கிறேன், அவை எங்கிருந்து வந்தன என்று ஒருநாளும் ஒழுங்காகத் தேடிப் படிக்கவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கோ. எனக்கு உண்மையாகவே வேணும்.

---

ஹம்_நகரத்தான் (ஜேர்மனி)
வெள்ளி, இரவு 11.15

அண்ணை, மகனில் பிழை சொல்லாதேங்கோ. நான் இங்கே 30 வருசத்துக்கு மேல். 2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு எழும்பினபோது நானும் கல் சுமந்தவன். சுவஸ்திகத்தை மனதால் விடாதவன் நான். ஆனால் இந்த நாட்டில் அதைப் பார்க்கிற கண் வேறு.

1920இல் நாசிக் கட்சி அதைத் தன் சின்னமாக எடுத்தது. 1935இல் அது நாட்டின் கொடியே ஆனது. அந்தக் கொடி பறந்த முகாம்களில்தான் யூதர்களைக் கொன்றார்கள், ரோமா மக்களைக் கொன்றார்கள். இன்று இங்கே குற்றவியல் சட்டத்தில் 86அ என்ற பிரிவு இருக்கிறது, அந்தச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டினால் தண்டனை. கோயிலுக்குள் நாங்கள் போடுவதை அந்தச் சட்டம் தேடி வருவதில்லை. அழைப்பிதழ் அப்படி இல்லை, அது கையிலிருந்து கைக்குப் போகிறது. வேலையிடத்தில் மேசையில் கிடந்தால் பக்கத்தில் நிற்பவருடைய பாட்டனாருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் அதற்கு வைத்த பெயர் "ஹாகன்க்ரொய்ஸ்", கொக்கிச் சிலுவை. சுவஸ்திகம் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ, கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

---

வெள்ளவத்தை_ரீச்சர்
சனி, காலை 6.30

சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சு என்றால் நல்ல, அஸ்தி என்றால் இருக்கிறது. ஸ்வஸ்தி என்றால் நலம் உண்டாகட்டும். அந்த நலத்தின் குறி சுவஸ்திகம். சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்றுதான் தொடங்கும். ஒரு அரசாணையின் தலையில், நிலக்கொடையின் தலையில் அந்தச் சொல். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் கேட்டது புதிய வழக்கம் அல்ல. கல்லில் சொல்லாக வெட்டியதை அவர் தாளில் படமாகக் கேட்கிறார்.

அதே குறி சமணரிடம் இன்னும் விரிவாக இருக்கிறது. ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதரின் அடையாளம் அது. நான்கு கைகளும் உயிர் பிறக்கக்கூடிய நான்கு கதிகள்: தேவர், மனிதர், விலங்கு, நரகர். மேலே மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேலே ஒரு பிறையும் அதன்மீது ஒரு புள்ளியும், விடுதலை பெற்ற உயிர்களின் இடம். பிறை என்றவுடன் ஒரு சமயத்தை மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பௌத்தத்தோடு அது சீனா போனது. அங்கே புத்தரின் நெஞ்சில் வரைந்தார்கள். 693இல் பேரரசி வூ அதைப் பத்தாயிரம் என்ற பொருள் தரும் எழுத்தாகவே ஏற்றுக்கொண்டார். ஜப்பான் வரைபடங்களில் இன்றும் புத்த கோயில் இருக்கும் இடத்தில் அந்தக் குறி இருக்கும். அங்கு கைகள் இடப்பக்கம் திரும்பும், எங்களுடையது பெரும்பாலும் வலப்பக்கம்.

---

தேடல்
சனி, காலை 9.05

சிந்துவெளி முத்திரைகளிலேயே சுவஸ்திகம் இருக்கு. 4000 வருசத்துக்கு மேல பழசு. எல்லாம் எங்களிட்ட இருந்துதான் உலகத்துக்குப் போனது. பிறகு எவனோ களவெடுத்ததுக்கு நாங்கள் ஏன் எங்கட வாசலை அழிக்கவேணும்? 300 கார்டிலயும் போடுங்கோ அண்ணை.

---

வெள்ளவத்தை_ரீச்சர்
சனி, காலை 10.20

தம்பி தேடல், சிந்துவெளிச் சதுர முத்திரைகளில் இருப்பது உண்மை. "எங்களிடமிருந்துதான் போனது" என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். 1870களில் ஹைன்ரிக் ஷ்லீமன் என்ற ஜேர்மன்காரர் இன்றைய துருக்கியில் ட்ரோய் என்ற பழைய நகரத்தின் மேட்டைத் தோண்டினார். நூல் நூற்கும் தக்களியில் கோர்க்கும் சுடுமண் வில்லைகளில் அதே குறி நிறையக் கிடைத்தது. அமெரிக்காவின் நவஹோ மக்களுக்கு அது சுழலும் மரக்கட்டை, அவர்களின் மணல் ஓவியத்தில் வரும். இவர்கள் யாரும் எங்கள் வாசலைப் பார்த்துப் போடவில்லை. ஒரு கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு போட்டு, நுனிகளை ஒரே பக்கம் மடித்தால் அது வந்துவிடும். பாய் பின்னுகிறவர் கையிலும் வரும், பெட்டி இழைக்கிறவர் கையிலும் வரும். கை முதலில் போட்டது, பொருள் பிறகு வந்து குடியேறியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனி. "இது எங்கள் இனத்துக்கு மட்டும் உரிய பழஞ்சின்னம்" என்ற வாதத்தோடுதான் ஐரோப்பாவில் சிலர் ஷ்லீமன் கண்டதை எடுத்து ஆரியச் சின்னம் ஆக்கினார்கள். நீ நல்ல மனதோடு சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதை எங்கே போய் முடிந்தது என்று ஹம் நகரத்தவர் மேலே எழுதியிருக்கிறார்.

நவஹோ மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1940இல் அபாச்சி, ஹோப்பி, பாப்பகோ மக்களோடு சேர்ந்து, தங்கள் கம்பளங்களிலும் கூடைகளிலும் இனி அந்தக் குறியைப் போடமாட்டோம் என்று கையொப்பம் வைத்தார்கள். மூதாதையரின் குறி, நட்பின் குறி, வேறொரு தேசம் அதை அசுத்தப்படுத்திவிட்டது என்று வருந்தித்தான் விட்டார்கள். அதை வாசித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. அவர்கள் செய்ததை நாங்களும் செய்யவேண்டும் என்று சொல்ல வரவில்லை. எங்களுடைய வாசல்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன.

---

செட்டியார்தெரு_பத்தர்
சனி, மதியம் 1.50

கடையில் கூட்டம், அதனால்தான் பிந்திட்டுது. அப்பாவுக்குப் பிறகு பட்டறையில இருக்கிறது நான். ரீச்சர் சொன்ன மாதிரியே இன்னொரு குறி இருக்கு, அறுகோணம்.

எங்கட தெருவில கதிரேசன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறதால முருகனுக்கு அறுகோணத் தகடு அடிக்கிற ஓடர் எப்பவும் வரும். மேல் நோக்கின முக்கோணம் சிவம், கீழ் நோக்கினது சக்தி. ஆறு மூலையில ச ர வ ண ப வ எண்டு ஆறு எழுத்து, நடுவில ஓம். ஊசி உளியால எழுத்தைப் போடேக்க "ண"வில கை தடுமாறும், அந்தச் சுழிக்கு மூலையில இடம் பத்தாது. அதனால அப்பா எப்பவும் "ண"வை முதல் போட்டுட்டுத்தான் மற்றதைப் போடுவார்.

ஒருநாள் வெளிநாட்டுக்காரர் ஒராள் கண்ணாடிக்குப் பின்னால அதைப் பார்த்திட்டு "யூதரின் நட்சத்திரமா?" எண்டு கேட்டார். இல்லை, முருகன் எண்டு சொன்னன். அவர் தான் யூதர் எண்டார். பிறகு அரை மணித்தியாலம் நிண்டு கதைச்சார். அவங்கட பழைய அடையாளம் ஏழு கிளை விளக்காம். ஜெருசலேம் ஆலயத்தை 70இல் உரோமர் இடிச்சு, அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு போறது உரோமில டைட்டஸ் வளைவில செதுக்கியிருக்கு. ஆறு மூலை நட்சத்திரம் கன காலம் வெறும் அலங்காரமாத்தான் இருந்ததாம், கிறிஸ்தவக் கட்டடத்திலயும் வரும், முஸ்லிம்களிட்ட சுலைமான் நபி முத்திரை எண்டும் வரும். 1897இல பாசல் நகரத்தில நடந்த சியோனிச மாநாட்டுக்குப் பிறகுதான் அது தங்களுக்கெண்டு நாடு கேட்ட அவங்கட இயக்கத்தின் கொடியில வந்து, 1948இல நாட்டுக் கொடியானது.

இடையில நடந்ததையும் சொன்னார். 1941இல ஜேர்மனியில ஆறு வயசுக்கு மேற்பட்ட யூதர் எல்லாரும் மஞ்சள் துணியில அந்த நட்சத்திரத்தைச் சட்டையில தைச்சுக்கொண்டுதான் வெளியில போகவேணும். ஒரே ஆட்சி, ஒரு குறியைத் தான் எடுத்துப் பூட்டிக்கொண்டு, இன்னொரு குறியை மற்றவன்ர நெஞ்சில தைச்சு விட்டிருக்கு. நான் நாள் முழுக்க அடிக்கிற அதே ஆறு மூலை. அதுக்குப் பிறகு அந்தத் தகட்டைக் கையில எடுக்கிற நேரமெல்லாம் அவரின்ர முகம் வரும்.

---

இரண்டாம்குறுக்கு (புறக்கோட்டை)
சனி, பின்னேரம் 5.10

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். சம்மாங்கோட்டுப் பள்ளிக்குக் கிட்டத்தான் எங்கட கடை. உங்கட லாச்சியில் இருக்கிற 786ஐயும் பிறையையும் பத்தி நான் சொல்றேன்.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் பெறுமதி உண்டு, அப்ஜத் என்று சொல்வாங்க. "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்பதைக் கூட்டிப் பாருங்க. பிஸ்மி 102. அல்லாஹ் 66. அர்ரஹ்மான் 329. அர்ரஹீம் 289. மொத்தம் 786. வாப்பா எனக்கு இதை ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டிக் காட்டினார். எனக்கு அப்ப பத்து வயசு.

இதை ஏன் போட ஆரம்பிச்சாங்க? அழைப்பிதழ் கடைசியில் குப்பைக்குத்தான் போகும், ரோட்டில் கிடக்கும். இறைவன் பெயர் கால்பட வேண்டாம் என்றுதான் எண்ணாகப் போட்டாங்க என்று பெரியவங்க சொல்வாங்க. உலமாக்களில் பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை, பிஸ்மியை எழுதுங்க, இல்லாவிட்டால் சும்மா விடுங்க, எண் பிஸ்மி ஆகாது என்பாங்க. எங்க வீட்டிலேயே ரெண்டு கருத்து இருக்கு.

பிறை விசயம் வேற. அது மார்க்கம் தந்த சின்னம் இல்லை. நபியவர்களின் காலத்தில் அப்படி ஒரு சின்னம் இருக்கவில்லை. பைசாந்தியம் நகரத்தின் பழைய காசில் பிறையும் நட்சத்திரமும் இருக்கு, பாரசீக சாசானியர் காசிலும் இருக்கு. துருக்கிய உஸ்மானியர் கொடியில் வந்த பிறகுதான் உலகம் அதை எங்கட அடையாளம் என்று எடுத்துக்கொண்டது. குர்ஆன் 2:189 பிறைகளை மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்றுதான் சொல்லுது. எங்களுக்குப் பிறை என்றால் நாட்காட்டி. மாதத்தின் 29ஆம் நாள் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி, நாடெங்கும் பிறை கண்டவங்களின் சாட்சி வருதா என்று காத்திருப்பாங்க. சின்ன வயசில் வாப்பா என்னைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போவார், கடலுக்கு மேலே பார்க்க.

அங்க பார்த்த ஒன்றை மறக்க முடியாது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட. இங்க இளம்பிறை கொடியில் இருக்கிற மாதிரி நிமிர்ந்து நிற்காது. தோணி மாதிரி, ரெண்டு முனையும் மேலே, மல்லாந்து கிடக்கும். வடக்கே போகப் போகத்தான் அது நிமிரும். அதோட கொடியில் நட்சத்திரம் இருக்கிற இடத்தைப் பாருங்க, வானத்தில் அது நிலவின் இருட்டுப் பகுதி. அங்க நட்சத்திரம் தெரியவே தெரியாது.

---

வெள்ளவத்தை_ரீச்சர்
சனி, பின்னேரம் 5.45

தம்பி, தோணி என்று சொன்னீர்களே! சிவன் சடையில் இருக்கும் பிறையையும் எங்கள் சிற்பிகள் பெரும்பாலும் அப்படிக் கிடத்தித்தான் வடிப்பார்கள். அவர்கள் பார்த்ததும் இதே வானம். இத்தனை வருசம் பிறைசூடி என்று பாடியும் எனக்கு இது தோன்றவில்லை.

---

மெழுகுதிரி (கொச்சிக்கடை)
சனி, இரவு 8.20

786 கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஒன்று நினைவு வந்தது. கிரேக்க எழுத்துக்கும் எண் பெறுமதி உண்டு. எகிப்தில் கிடைத்த பழைய கிறிஸ்தவப் பாப்பிரஸ் தாள்களில் 99 என்ற எண்ணை எழுதியிருக்கிறார்கள். ஆமென் என்ற சொல்லைக் கூட்டினால் 1, 40, 8, 50, ஆக 99. பாருங்கள், வாப்பா பில் புத்தகத்தில் போட்ட அதே கணக்கு.

சிலுவை எங்களுக்கு முதல் நாளிலிருந்தே சின்னமாக இருக்கவில்லை. அது உரோமரின் கொலைக்கருவி. அடிமைகளையும் கலகக்காரரையும் தொங்கவிட்ட மரம். அதை எப்படி ஒருவர் கழுத்தில் போடுவார்? தொடக்க காலத்தில் மீன் போட்டார்கள், நங்கூரம் போட்டார்கள். மீனுக்குரிய கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்தும் "இயேசு கிறிஸ்து, இறைமகன், மீட்பர்" என்பதன் முதல் எழுத்துகள். உரோமில் பலத்தீன் குன்றுச் சுவரொன்றில் யாரோ கீறியிருக்கிறார்கள்: சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு உருவம், கீழே "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்". எங்களைப் பரிகாசம் செய்ய வரைந்தது. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் மிகப் பழைய படங்களில் அது ஒன்று. 4ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசர் கொன்ஸ்தாந்தீன் அந்தத் தண்டனையை நிறுத்திய பிறகு, அதை நேரில் கண்டவர்கள் இல்லாமற்போன பிறகுதான், சிலுவை துணிந்து வெளியே வந்தது.

எங்கள் மண்ணிலும் ஒன்று இருக்கிறது. அனுராதபுரத்தில் 1912இல் அகழ்ந்தபோது கருங்கல்லில் ஒரு சிலுவை கிடைத்தது. அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் இலை விரிந்து மேலே வளைகிறது, கீழே படிப்படியான பீடம். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற வணிகர் இந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் கல்லைப் பார்க்கும்போது சிலுவை ஒரு செடி மாதிரி முளைத்து நிற்பதாகத் தோன்றும். சாகக் கொடுத்த மரத்துக்கு இலை விட்டிருக்கிறார்கள்!

பத்தர் அண்ணாவிடம் ஒன்று கேட்கவேணும். என் தாலியில் புறா இருக்கிறது. அம்மாவுடையதிலும் புறா. அது எப்போதிருந்து?

---

செட்டியார்தெரு_பத்தர்
சனி, இரவு 9.00

தங்கச்சி, வருசம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கட அச்சுப் பெட்டியில பிள்ளையார் தாலி, அம்மன் தாலி, கொம்புத் தாலியோட புறாத் தாலியும் தாத்தா காலத்திலயே இருக்கு. பொன்னுருக்குக்கு நாள் பார்க்கிறதும் ரெண்டு பகுதியிலயும் நடக்கும். நெருப்பில உருகேக்க எல்லாம் ஒரே பொன் உருண்டைதான், தட்டி எடுக்கேக்கதான் புறாவா பிள்ளையாரா எண்டு கேட்பன். குத்துவிளக்கும் அப்பிடித்தான். உச்சியில அன்னம் வேணுமெண்டால் அன்னம், சிலுவை வேணுமெண்டால் அதைக் கழட்டிட்டுச் சிலுவை. அந்தத் திருகு மரை ரெண்டுக்கும் ஒண்டுதான்.

---

கொட்டாஞ்சேனை_பழசு
ஞாயிறு, காலை 7.15

பிறந்த நாள் தெரிந்த ஒரு சின்னம் நம்ம ஊரிலேயே இருக்கு, ஒருவரும் சொல்லவில்லை. பௌத்தக் கொடி. 1885இல் கொழும்பில் ஒரு குழு வடிவமைத்தது. அந்த வருசம்தான் வெசாக் அரச விடுமுறை ஆனது. ஏப்ரல் 28ஆம் திகதி, வெசாக் அன்று, கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராமய விகாரையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் முதலில் ஏற்றினார். இங்கே பௌத்தத்துக்கு உழைத்த அமெரிக்கர் ஒல்கொட் சொல்லித்தான் மற்றக் கொடிகளின் அளவுக்கு அதை மாற்றினார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். புத்தர் மேனியிலிருந்து வந்த ஒளி என்பார்கள். ஆறாவது பட்டி இந்த ஐந்தும் சேர்ந்தது. இன்று ஜப்பானிலும் பர்மாவிலும் அது பறக்குது. பிறந்தது என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்.

விகாரை வாசற்படியில் பதிக்கும் அரைவட்டக் கல், சந்திரவட்டக்கல், அதையும் பாருங்க. அனுராதபுரத்துக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது என்று நாலும் வரிசையாக ஓடும். பொலன்னறுவைக்கு வரும்போது எருது அந்த வரிசையில் இல்லை. சைவருக்கு நந்தி புனிதம், காலால் மிதிக்கிற படியில் அது இருக்கக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

---

ஹம்_நகரத்தான் (ஜேர்மனி)
ஞாயிறு, காலை 11.30

பழசு அண்ணை சொன்ன எருதுக் கதை போல ஒன்று. செஞ்சிலுவை 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் வந்தது, சுவிஸ் கொடியின் நிறத்தைத் திருப்பிப் போட்டது. அதில் சமயம் இல்லை என்றுதான் நினைத்தார்கள். 1876இல் பால்கனில் போர் நடந்தபோது உஸ்மானியர், எங்கள் படைவீரர்களுக்கு அது சிலுவையாகத்தான் தெரிகிறது என்று செம்பிறையைப் பாவித்தார்கள். போட்டவர் என்ன நினைத்தார் என்பதோடு முடியவில்லை, காயப்பட்டுக் கிடப்பவர் என்ன காண்கிறார் என்பதும் வேண்டியிருந்தது. 2005இல் எந்தச் சமயமும் சாராத செம்படிகம் என்று இன்னொரு சின்னமே செய்தார்கள், வெறும் சதுரம், மூலையில் நிற்கிற சதுரம்.

---

தேடல்
ஞாயிறு, மதியம் 12.10

ரீச்சர், நேற்று எழுதினதை அவசரத்தில எழுதிட்டன். நவஹோ ஆக்களைப் பற்றித் தெரியாது. அந்த எருதுக் கதையும் தெரியாது. சரி, எங்கட "உ" எங்கிருந்து வந்தது? அதையாவது எங்கட எண்டு சொல்லலாமோ?

---

வெள்ளவத்தை_ரீச்சர்
ஞாயிறு, மதியம் 2.00

சொல்லலாம் தம்பி, தாராளமாக. ஓலையில் எழுதுகிறவர் கையில் பிறந்தது அது. ஓலை பதமாகக் காய்ந்ததா, எழுத்தாணி கூர் சரியா என்று பார்க்க முதலில் ஒரு சுழி, பிறகு ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார்கள். சுழியில் ஓலை கிழியாமல், கோட்டில் எழுத்தாணி சறுக்காமல் இருந்தால் எழுதத் தொடங்கலாம். அந்தச் சோதனைதான் பிள்ளையார் சுழி ஆனது என்பது ஒரு விளக்கம். ஓங்காரத்தின் சுருக்கம் என்பது இன்னொன்று, உமையின் முதல் எழுத்து என்பது மற்றொன்று. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். வேலைக்கு முன் கருவியைத் தொட்டுப் பார்க்கிற ஒருவரின் அசைவு அப்படியே வணக்கமாகிவிட்டது.

ஆனால் இதையும் கேள். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அ ஆ சொல்வதற்கு முன் "அரிநமோத்து சிந்தம்" என்று சொல்வார்கள். என் பாட்டனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சமணரின் "நமோ சித்தம்" என்ற வணக்கத்தின் திரிபு என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சைவப் பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக, சமண வணக்கத்தோடு தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நான் படிப்பித்த வகுப்பில் கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பினால் ஒன்றில் உ, ஒன்றில் சின்னச் சிலுவை, ஒன்றில் 786. திருத்தும்போது அந்த மூலையில் மட்டும் என் சிவப்புப் பேனை படாமல் பார்த்துக்கொள்வேன். யூதப் பிள்ளைகளும் பக்கத்தின் வலது மூலையில் "வானத்தின் துணையோடு" என்பதன் மூன்று எழுத்தைப் போடுவார்களாம். வெறும் தாளில் நேரே எழுதத் தொடங்க எல்லாருக்குமே ஒரு தயக்கம் இருக்கிறது போலும்.

---

ஈயஎழுத்து (கொழும்பு 13)
ஞாயிறு, இரவு 10.30

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம்குறுக்கு தம்பி, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். 2019 ஏப்ரலில் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, எங்களிடம் பல வருசமாகப் பில் புத்தகம் அடிக்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் வந்தார். "இந்த முறை மேல 786 வேண்டாம், பிறையும் வேண்டாம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிளேட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அடித்து முடித்துக் கட்டும்போது ஒவ்வொரு தாளிலும் அந்த வெறுமைதான் கண்ணில் பட்டது. மெழுகுதிரி தங்கச்சி கொச்சிக்கடை என்று போட்டிருக்கிறீர்கள், அந்த நாள் உங்களுக்கு என்ன நாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இத்தனை காலம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

---

மெழுகுதிரி (கொச்சிக்கடை)
ஞாயிறு, இரவு 10.55

சொன்னது நல்லது அண்ணா. அவர் திரும்ப வந்தால் கேட்டுப் போடுங்கள்.

---

இரண்டாம்குறுக்கு (புறக்கோட்டை)
ஞாயிறு, இரவு 11.20

சகோதரி, அல்லாஹ் உங்களுக்கு நலம் தரட்டும். வேற ஒன்றும் எழுத வரல்ல.

---

ஈயஎழுத்து (கொழும்பு 13)
செவ்வாய், இரவு 8.15

வேலை முடிந்தது.

நேற்று அம்மா வந்தார். நீங்கள் எழுதியவற்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன், நவஹோ கதையும், மஞ்சள் நட்சத்திரமும். கனநேரம் யோசித்துவிட்டு, "ஜேர்மனிக்கு எத்தனை போகும்?" என்று கேட்டார். 60 என்று மகன் சொல்லியிருந்தார். "அப்ப அதுக்கு உ போடுங்கோ. இங்கத்தைய 240க்கும் நான் கேட்டது இருக்கட்டும்."

அதனால் முழு 300ஐயும் தலை வெறுமையாக ஓப்செட்டில் அடித்தேன். பிறகு பழைய ட்ரெடில் மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு, லாச்சியிலிருந்து இரண்டு பிளாக்கையும் எடுத்து, குங்குமச் சிவப்பு மை குழைத்தேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். சுவஸ்திக பிளாக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர் திடுக்கிட்டு, "இது மாறியெல்லே கிடக்கு!" என்றார்.

உண்மைதான். அச்சுக்கட்டையில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரித்தான் இருக்கும். ரீச்சர் சொன்ன ஜப்பான் வரைபடத்துக் குறி போல அதன் கைகள் இடப்பக்கம் திரும்பி நின்றன. 28 வருசமாக என் லாச்சியில் அது அப்படித்தான் கிடந்திருக்கிறது, நான் ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. கழிவுத்தாள் ஒன்றை வைத்து ஒரு அடி அடித்துக் காட்டினேன். வலப்பக்கம் திரும்பி, ஈரமாக, சிவப்பாக விழுந்தது. அம்மா அந்தக் கழிவுத்தாளை மை காயும்வரை ஊதி, நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.